நூலக வரலாற்றில் முனைவர் பட்டம் செய்ய ஆள் வருவதில்லையே, ஏன்?

பழம்பதிவேடு (இழையைத் தொடங்கியவர்)

நூலகவியல் துறையில் ஆய்வு நெறியாளராக இருக்கிறேன். சேர்க்கைக் காலத்தில் மேசைக்கு வரும் சினாப்சிஸ்களில் (ஆய்வுத் திட்டச் சுருக்கங்களில்) பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. மின்னிதழ்களை மாணவர்கள் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள், வாசகர் திருப்தி எப்படி, ஏதோ ஒரு துறையில் வெளியான கட்டுரைகளின் நூலளவியல், அதாவது எண்ணிக்கைக் கணக்கு. கேள்வித்தாள், சதவீதம், அட்டவணை, பரிந்துரை. இவற்றில் நல்லவையும் உண்டு, குறை சொல்ல வரவில்லை. ஆனால் நூலகத்தின் வரலாற்றை எடுத்துச் செய்கிறேன் என்று வருபவர் அபூர்வம். அப்படி வருபவரும் முதல் பரிசீலனைக் கூட்டம் முடிந்ததும் தலைப்பை மாற்றிவிடுகிறார்.

இத்தனைக்கும் இந்தத் துறையில் முனைவர் பட்டம் தொடங்கிய இடத்திலேயே வரலாறும் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நூலகப் பட்டமேற்படிப்புப் பள்ளி 1928-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. நூலகவியலில் முதன்முதலாக முனைவர் பட்டம் கொடுத்தது அதுதான். அங்கே ஜெஸ்ஸி ஷெரா 1944-இல் முடித்த ஆய்வேடு, நியூ இங்கிலாந்துப் பகுதியில் பொது நூலகம் எப்படித் தோன்றியது என்பதைப் பற்றியது. 1949-இல் புத்தகமாக வந்தது. அதே ஷெராதான் பிற்பாடு இயந்திரவழித் தகவல் மீட்பிலும் முன்வரிசையில் நின்றார். வரலாற்றுக்குள் போனால் பழசிலேயே தங்கிவிடுவோம் என்று பயப்படும் மாணவர்களிடம் அவரைத்தான் காட்டுவேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மாணவர்களை இந்தப் பக்கம் திருப்ப எது உண்மையில் வேலை செய்யும்? பரிசா, உதவித்தொகையா, பாடத்திட்டமா? அல்லது நெறியாளர்களான எங்களைத்தான் முதலில் திருத்த வேண்டுமா?

இரண்டாமாண்டு

கடைசியில் கேட்டதற்கு ஆமாம் என்றுதான் சொல்வேன், சார். கோபிக்க வேண்டாம்.

நான் வரலாற்றுத் தலைப்போடுதான் வந்தேன். "வரலாறு செய்ய ஆசை என்றால் வரலாற்றுத் துறைக்குப் போ" என்றார்கள். அங்கே போய்க் கேட்டால், "நூலகம்தானே, உங்கள் துறையிலேயே செய்யலாமே" என்றார்கள். நடுவில் ஒரு பருவம் போனதுதான் மிச்சம். இப்போது செய்வது மின்வளப் பயன்பாட்டு ஆய்வு. முடித்துவிடுவேன், ஆனால் மனம் ஒட்டவில்லை.

வேலைக்கான நேர்காணலில் மென்பொருள் தெரியுமா, தரவுப் பகுப்பாய்வு தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும். நூலக வரலாற்றை எந்த இதழ் போடும்? ஆவணக்காப்பகத்தில் மாதக்கணக்கில் உட்கார யார் செலவு செய்வார்கள்? இதற்கெல்லாம் விடை இல்லாமல் "வாருங்கள்" என்று மட்டும் கூப்பிட்டால் எப்படி வருவோம்?

ஏடுபுரட்டி

நான் வரலாற்றுத் துறைக்காரன். தலைப்பையே கொஞ்சம் மறுக்கிறேன். ஆள் வராமல் இல்லை. வாசிப்பின் வரலாறு, அச்சுப் பண்பாடு, நூல் வரலாறு என்று வேறு பெயர்ப்பலகையின் கீழ் செய்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் துறைக்குள் வருவதில்லை, அவ்வளவுதான்.

அதற்குக் காரணமும் உண்டு. நூலகவியல் துறையிலிருந்து வரும் சில வரலாற்று ஆய்வேடுகளை வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்காகப் படித்திருக்கிறேன். நிறுவனர் வாழ்க்கைக் குறிப்பு ஒரு இயல். திறப்பு விழாவும் கட்டடமும் ஒரு இயல். ஆண்டுவாரியாக நூல்களின் எண்ணிக்கை ஒரு இயல். கடைசியில், "பணியாளர்களை அதிகரிக்க வேண்டும், குளிர்சாதன வசதி வேண்டும்" என்று பரிந்துரை! பொன்விழா மலருக்கு இது போதும். ஆய்வேட்டுக்குக் கேள்வி வேண்டும். அந்த நூலகம் யாருக்காகத் திறந்தது, யாரை வெளியே நிறுத்தியது, எதை வாங்க மறுத்தது? நிர்வாகம் நினைத்த வாசகருக்கும் உண்மையில் வந்த வாசகருக்கும் எவ்வளவு தூரம்?

மேலே ஷெராவைச் சொன்னீர்கள். அவர் காலத்து வரலாற்றாசிரியர்களிடம் பொது நூலகம் என்பது மக்களாட்சியின் விளைச்சல், மக்கள் கேட்டார்கள், கிடைத்தது என்ற தொனி பலமாக இருந்தது. 1973-இல் மைக்கேல் ஹாரிஸ் ஒரு கட்டுரை எழுதி அதைக் கலைத்தார். பாஸ்டன் நூலகத்தை நிறுவிய மேட்டுக்குடியினர், குறிப்பாக ஜார்ஜ் டிக்னர், வந்து குவிந்த குடியேறிகளைக் கண்டு அஞ்சினார்கள், அவர்களைப் பழக்கி ஒழுங்குக்குள் வைக்கும் கருவியாகத்தான் நூலகத்தைப் பார்த்தார்கள் என்பது அவர் வாதம். இரண்டு தரப்புக்கும் முக்கியச் சான்று ஒன்றே: 1852-இல் அந்த நூலகத்தின் அறங்காவலர்கள் வெளியிட்ட அறிக்கை. ஹாரிஸ் மிகைப்படுத்தினார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரைக்குப் பிறகு எவரும் பழைய தொனியில் நிம்மதியாக எழுத முடியவில்லை. 1979-இல் டீ காரிசன் இன்னொரு கதவைத் திறந்தார்: இந்தத் தொழிலில் பெண்கள் பெரும்பான்மையானது எப்படி, அதனால் சம்பளமும் மதிப்பும் என்னவாயின? இப்படி ஒரு சண்டை நடக்கிறது என்று முதுகலை வகுப்பிலேயே சொல்லிப் பாருங்கள், ஆள் தானாக வரும். வகுப்பில் "நூலக வரலாறு" என்ற பெயரில் ஆண்டுகளை மனப்பாடம் செய்யவைத்தால் யார் வருவார்?

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்றேன். 1939 ஆகஸ்டில் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியா நகர நூலகத்துக்குள் கறுப்பின இளைஞர்கள் ஐந்து பேர் போனார்கள். உறுப்பினர் அட்டை கேட்டார்கள், மறுக்கப்பட்டது. ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து வெவ்வேறு மேசைகளில் உட்கார்ந்து படித்தார்கள், கைதானார்கள். திட்டமிட்டவர் சாமுவேல் டக்கர் என்ற இளம் வழக்கறிஞர். நூலகச் சங்கங்களின் அதிகாரபூர்வ வரலாறுகள் இத்தகைய நிகழ்வுகளை வெகுகாலம் ஓரத்தில்கூட வைக்கவில்லை. தென்மாநில நூலகங்களில் இனப்பிரிவினை ஒழிந்த கதையை வெய்ன் வீகண்டும் ஷெர்லி வீகண்டும் முழுப் புத்தகமாகத் தந்தது 2018-இல்தான்.

சாவி என்னிடம்

கேள்வி, கோட்பாடு எல்லாம் இருக்கட்டும். நான் கல்லூரி நூலகர். மூலம் இருந்தால்தானே வரலாறு?

எங்கள் நிலைமையைச் சொல்கிறேன். நூலகம் கணினிமயமானபோது சேர்க்கைப் பதிவேடு தப்பித்தது. காரணம் வரலாற்று உணர்வு இல்லை, தணிக்கை பயம். எந்தப் புத்தகம் எந்த நாளில் என்ன விலைக்கு வந்தது என்று அதில் இருக்கிறது, ஆகவே தொட மாட்டார்கள். இரவல் பேரேடுகள், வாசகர் பரிந்துரைப் புத்தகம், கொள்முதல் குழுவின் கூட்டக் குறிப்பு, "இந்த நூல் வேண்டாம்" என்று எழுதிய கடிதங்கள் எல்லாம் பழைய தாளோடு எடைக்குப் போயின. நான் பணியில் சேர்வதற்கு முன்பே நடந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, இடம் வேண்டியிருந்தது.

ஏடுபுரட்டி சார் கேட்ட "எதை வாங்க மறுத்தது" என்ற கேள்விக்கு விடை அந்தக் கடிதங்களில்தான் இருந்திருக்கும். ஆக, ஆய்வை ஊக்குவிப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை முதல் வேலை, நூலகத்தின் சொந்தக் காகிதங்களைக் கழிவுப் பட்டியலிலிருந்து காப்பாற்றுவது. ஊர் ஆவணங்களையெல்லாம் பாதுகாக்கிறோம், நம் ஆவணத்தை நாமே கிழிக்கிறோம்.

மாலைநேர வாசகி

சாவி என்னிடம் எழுதியதைப் படித்ததும் மன்சி நினைவுக்கு வந்தது. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மன்சி என்று ஒரு சிறு நகரம். 1920-களில் சமூகவியலாளர்கள் "மிடில்டவுன்" என்று புனைபெயர் வைத்து ஆராய்ந்த ஊர் அதுதான். அங்கே உள்ள பொது நூலகத்தில் 2003-இல் பழைய பேரேடுகள் சில கிடைத்தன. 1891 நவம்பரிலிருந்து 1902 டிசம்பர் வரை, நடுவில் சுமார் இரண்டரை ஆண்டு இடைவெளி தவிர, யார் எந்த நாளில் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்ற கையெழுத்துப் பதிவு. சுமார் 1,75,000 இரவல்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள். பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் அதைத் தரவுத்தளமாக்கி, மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு வாசகர் பெயர்களை ஒப்பிட்டார்கள். அதன் பிறகு வாசகரின் வயது, பாலினம், குடும்பத்தலைவரின் தொழில் என்று கேள்வி கேட்க முடிந்தது.

விடைகள் சுவாரசியமானவை. உயர்ந்த நூல்களைப் படிக்க வைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து நூலகர்கள் ஓயாமல் பேசிய லட்சியம். பேரேடு காட்டுவது வேறு. அதிகம் போனது புனைகதை. ஹொரேஷியோ ஆல்ஜரின் சிறுவர் கதைகள் முன்னணியில் நின்றன. ஏழைப் பையன் உழைத்து முன்னேறும் கதைகள் அவை. மட்டமான சரக்கு என்று அன்றைய நூலகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஊழியர்கள் விரல் தேயத் தேய எழுதிய ஒரு பதிவேட்டிலிருந்து இவ்வளவும் வருகிறது. அறிவிப்புகளையும் ஆண்டறிக்கைகளையும் மட்டும் வைத்து எழுதியிருந்தால் லட்சியத்தின் வரலாறு கிடைத்திருக்கும், வாசிப்பின் வரலாறு கிடைத்திருக்காது.

நேர்கோடு

எதிர்க்கருத்து சொல்ல ஒருவர் வேண்டும், நானே சொல்லிவிடுகிறேன்.

மன்சி அருமைதான். ஆனால் 120 ஆண்டுக்கு முன் ஒரு ஊரில் சிறுவர் கதை படித்தார்கள் என்று தெரிந்து இன்றைய நூலகர் என்ன செய்யப் போகிறார்? நூலகங்களுக்கு நிதி சுருங்குகிறது, வாசகர் வருகை குறைகிறது. ஆய்வு இடங்களும் உதவித்தொகையும் குறைவு. இருப்பதை இன்றைய சிக்கலுக்குச் செலவிட வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அது அறியாமை ஆகாது.

பழம்பதிவேடு

நேர்கோடு, நியாயமான கேள்வி. நிதி சுருங்குகிறது என்றீர்களே, அங்கிருந்தே வருகிறேன்.

அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் கார்னகி உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. இடத்தை ஊர் தர வேண்டும், கொடுத்த தொகையில் 10 சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஊரே ஒதுக்க வேண்டும். அதை ஏற்காமல் பணமே வேண்டாம் என்ற ஊர்களும் உண்டு. பரோடாவில் மன்னர் மூன்றாம் சயாஜிராவ் 1910-இல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டனை அழைத்து அரசே நடத்தும் நூலக வலையமைப்பைக் கட்டினார். 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் பல ஆண்டு விடாமல் வலியுறுத்தியது, சொத்து வரியோடு நூலக வரி என்ற வழியைப் பிடித்தது. கொடையாளி, மன்னர், வரி. இந்த மூன்றில் எது நெருக்கடியில் தாங்கியது, எது முதலில் உடைந்தது? இதைக் கேள்வித்தாள் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியாது. கணக்குப் புத்தகத்தையும் கூட்டக் குறிப்பையும் வைத்துத்தான் முடியும். நிதித் திட்டம் போடுபவர்களுக்கு இதைவிட வேண்டிய ஆய்வு எது?

இன்னொன்று. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு 1876-இல் வந்தது. சமயத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கு, உலகின் மற்ற சமயங்கள் எல்லாவற்றுக்கும் 290 என்று ஒரு மூலை. உலகெங்கும் நூலகர்கள் இந்த எண்ணோடு இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். இது ஏன் இப்படி அமைந்தது, ஏன் மாற்றுவது கடினம் என்பது வரலாற்றுக் கேள்வி. டூயி என்ற மனிதரைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம், யூதர்களையும் கறுப்பினத்தவரையும் ஒதுக்கியது எல்லாம் ஆவணங்களிலிருந்து எழுதப்பட்ட பிறகுதான், 2019-இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை எடுக்க முடிவு செய்தது.

நேர்கோடு

மூன்று நிதிமுறை ஒப்பீட்டை நான் படிப்பேன். அதை ஒத்துக்கொள்கிறேன். டூயியை விட்டுவிடுவோம், அது தனி இழைக்கான விஷயம்.

தாளோலை

வேறு ஒரு பக்கத்திலிருந்து. பதிவேடே எரிந்துபோன நூலகத்தின் வரலாற்றை எப்படி எழுதுவது?

யாழ்ப்பாணப் பொது நூலகம். 1933-இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கியது, 1959-இல் பெரிய கட்டடம் திறந்தது, 1981 ஜூன் 1 அதிகாலையில் எரிந்துகொண்டிருந்தது. சுமார் 97,000 நூல்கள் என்பார்கள். சுவடிகளும் போயின. எரிப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் நடுவில் இருந்த அந்த நாற்பத்தெட்டு ஆண்டுகள்? யார் வந்தார்கள், எந்த மேசையில் என்ன படித்தார்கள், எந்த நூல் எப்போதும் கைமாறிக்கொண்டே இருந்தது? நூற்பட்டி, அதாவது நூலகத்தின் நூல் பட்டியல், இல்லாமல் இதை மீட்க வழி இருக்கிறது. நூல் கொடை பற்றிய பழைய பத்திரிகைச் செய்திகள், கொடையாளிகளின் கடிதங்கள், அங்கே மட்டும் இருந்த சுவடியைப் பார்த்தவர்கள் தங்கள் நூலில் போட்ட அடிக்குறிப்பு, நகரசபைக் கணக்கு, பெயர்ந்து போய் உலகெங்கும் வாழும் வாசகர்களின் நினைவு. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அவசரம். அவர்களுக்கு வயதாகிறது.

ஏடுபுரட்டி

தாளோலை சொன்னது மிகச் சரி. நினைவைப் பதிவு செய்யும்போது எரிந்த இரவைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையைப் பற்றிக் கேளுங்கள். அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

சாவி என்னிடம்

மன்சி பற்றி எனக்கு ஒரு உறுத்தல். வாசகர் என்ன படிக்கிறார் என்பது அவர் அந்தரங்கம். அதைக் காப்பது எங்கள் தொழில் ஒழுக்கம். பெரும்பாலான நூலக மென்பொருள்களில் புத்தகம் திரும்பியதும் வாசகர் பெயரை அந்த இரவலிலிருந்து துண்டிக்கும் வசதி இருக்கிறது. நான் அதைப் போட்டு வைத்திருக்கிறேன். 2001-க்குப் பின் அமெரிக்காவில் புலனாய்வு அமைப்புகளுக்கு அதிகாரம் கூடியபோது, பல நூலகங்கள் இரவல் பதிவை உடனுக்குடன் அழித்தன. அதுதான் சரி. அப்படியானால் 2120-இல் ஒருவர் என் வாசகர்களைப் பற்றி ஆய்வு செய்ய ஒன்றும் மிஞ்சாது. அதுவும் சரிதானா?

ஏடுபுரட்டி

பெயரை மூடி வைத்துப் பிறகு திறக்கலாம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் 72 ஆண்டு கழித்துத்தான் வெளிவரும். அப்படி ஒரு பூட்டு.

சாவி என்னிடம்

பூட்டின் சாவி யாரிடம் இருக்கும் சார்? அரசு கேட்டால்? இல்லாத பதிவை யாரும் பறிக்க முடியாது. இதில் நான் வரலாற்றாசிரியர் பக்கம் நிற்க மாட்டேன். வேண்டுமானால் ஒன்று செய்யலாம். பெயர் இல்லாமல், வகுப்பு அல்லது வயதுப் பிரிவு, நூல், மாதம் என்ற மட்டில் சுருக்கத் தரவை ஆண்டுதோறும் எடுத்து வைக்கலாம். சின்ன வகுப்பாக இருந்தால் அதிலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், பார்த்துச் செய்ய வேண்டும்.

மாலைநேர வாசகி

இந்தப் பேச்சே ஒரு ஆய்வுத் தலைப்பு போல இருக்கிறது. அந்தரங்கம் என்பது எப்போது நூலகரின் ஒழுக்கமானது? மன்சியில் பேரேடு எழுதியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பழம்பதிவேடு

ஊக்கம் என்ற பக்கத்துக்குத் திரும்புகிறேன். இரண்டாமாண்டு கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

இதழ்கள் உண்டு. 1966-இல் புளோரிடாவில் லூயி ஷோர்ஸ் தொடங்கிய நூலக வரலாற்று இதழ் பெயர் மாறி மாறி நீண்ட காலம் வந்தது. பிரிட்டனில் 1967-இல் தொடங்கியது, இன்று "நூலக, தகவல் வரலாறு" என்ற பெயரில் வருகிறது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் வரலாற்று வட்டமும் 2017 முதல் ஒரு இதழ் நடத்துகிறது. அனுப்பினால் திருத்தம் கேட்டு அடிப்பார்கள், ஆனால் படிப்பார்கள்.

அதே வட்டம், சிறந்த நூலக வரலாற்று ஆய்வேட்டுக்கு ஃபிலிஸ் டெய்ன் பெயரில் பரிசும் தருகிறது. நியூயார்க் பொது நூலகத்தின் தோற்றத்தை எழுதியவர் அவர். இத்தகைய பரிசு தேவை. "இதுவும் ஒரு துறை" என்று பரிசீலனைக் கூட்டத்தில் காட்ட உதவும். ஆனால் பரிசு, ஆய்வேடு முடிந்த பிறகு வருவது. மாணவர் விழுவது அதற்கு வெகு முன்னால். ஆவணக்காப்பகத்துக்குப் போய்வரச் சிறு தொகை, முதுகலையில் பழைய கையெழுத்தையும் கோப்பையும் படிக்கக் கற்றுத்தரும் ஒரு தாள், வரலாற்றுத் துறையிலிருந்து ஒரு இணை நெறியாளர். என்னிடம் ஒரே ஒரு தொகை இருந்து, பரிசா பயணச் செலவா என்று கேட்டால் பயணச் செலவுக்குத்தான் கொடுப்பேன்.

இரண்டாமாண்டு

நன்றி சார். தலைப்பை முழுசாக மாற்ற முடியாத நிலையில் இருக்கிறேன். ஆனால் மின்வள ஆய்வையே வரலாறாகத் திருப்ப முடியுமா என்று யோசிக்கிறேன். அட்டை நூற்பட்டியிலிருந்து கணினிக்கு மாறியது. 1960-களில் ஹென்ரியெட் ஆவ்ரம், நூல் விவரத்தைக் கணினி படிக்கும்படி பதியும் மார்க் வடிவத்தை உருவாக்கினார், 1971-இல் நூலகங்களின் கூட்டமைப்பான ஓசிஎல்சி இணைவழி நூற்பட்டியைத் தொடங்கியது, அதே ஓசிஎல்சி கடைசி அட்டையை அச்சிட்டது 2015-இல். இயந்திரத்தின் கதை இப்படித் தெரிகிறது. அட்டை எழுதிய, தட்டச்சு செய்த, பிறகு ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிய பணியாளர்களின் கதை எங்கேயும் காணோம். அவர்கள் இப்போது ஓய்வில் இருக்கிறார்கள், கேட்கலாம். இது வரலாறு ஆகுமா, ரொம்பப் புதிதா?

ஏடுபுரட்டி

ஆகும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, "மாற்றத்தின் நன்மைகள்" என்று இயல் வைக்காதீர்கள். மாற்றத்தில் எது தொலைந்தது என்றும் கேளுங்கள்: எந்தத் திறமை மதிப்பிழந்தது, யாருடைய பணியிடம் காணாமல் போனது, எந்தக் குறிப்பு கணினிக்கு ஏறவே இல்லை. இரண்டு, பத்து நூலகங்களை எடுக்காதீர்கள். ஒன்று அல்லது இரண்டு போதும்.

நேர்கோடு

கணினிக்கு மாற்றியபோது உண்டான பிழைகள் இன்றும் நூற்பட்டிகளில் இருக்கின்றன. ஒரே ஆசிரியர் மூன்று பெயரில், ஒரே நூல் இரண்டு பதிவாக. எந்தக் கட்டத்தில், எந்த அவசரத்தில் அவை நுழைந்தன என்று காட்டினால் என்னைப் போன்றவர்களுக்கும் பயன். தரவு எடுக்க உதவி வேண்டுமென்றால் தனிமடலில் கேளுங்கள்.

சாவி என்னிடம்

எங்களிடம் அட்டை அலமாரிகள் சில இன்னும் இருக்கின்றன, அடுத்த கழிவுப் பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறது. தள்ளிவைக்கச் சொல்கிறேன். ஆண்டு முடிவதற்குள் வாருங்கள். அட்டைகளின் பின்பக்கம் பென்சிலில் நிறைய எழுதியிருக்கிறார்கள், பாதி எனக்குப் புரியவில்லை.

பழம்பதிவேடு

இரண்டாமாண்டு, முதலில் உங்கள் நெறியாளரிடம் பேசுங்கள், இங்கே பேசியது அவருக்கு வேறு வழியில் தெரிய வேண்டாம். தலைப்பைப் பிறகு செதுக்கிக்கொள்ளலாம். மூலங்களின் பட்டியலை முதலில் தயாரித்துக் காட்டுங்கள், மறுப்பது கடினமாகிவிடும். நேர்காணலுக்கு முன் நெறிமுறைக் குழு ஒப்புதலும் எழுத்துவழிச் சம்மதமும் வாங்குங்கள், ஒலிப்பதிவை எங்கே ஒப்படைப்பீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இணை நெறியாளர் வேண்டுமென்றால் ஏடுபுரட்டி தப்பிக்க முடியாது.

ஏடுபுரட்டி

தப்பிக்கவில்லை. பட்டியலை அனுப்பச் சொல்லுங்கள்.